நந்தனாரும் நாற்பது வேலியும்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் சாலையில் குமராட்சி வருகிறது. தெற்கே கொள்ளிடம், கண்ணுக்கு எட்டியவரை நஞ்சை. இன்று அங்கே டிராக்டர் உழுகிறது. ஆனாலும் அந்தச் சேற்றைப் பார்த்தால் எனக்கு நந்தனார் ஞாபகம்தான். தில்லைக்குப் போக ஏங்கி, ஏரை விட்டு வர முடியாமல் தவித்தவர் என்றுதானே பாட்டிலும் சினிமாவிலும் கேட்டு வளர்ந்தோம்?

சேக்கிழாரைப் புரட்டினால் ஆச்சரியமாயிருக்கிறது. அவர் காட்டும் கொள்ளிடக்கரை ஆதனூரில் ஏர் ஓடுகிறது. கொழு கிழித்த சாலில் நண்டு ஊர்கிறது. ஆனால் மேழியைப் பிடித்தவர் நந்தனார் என்று அவர் சொல்லவில்லை. ஊர் விட்ட நிலம் நந்தனாருக்கு ஜீவனம். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுப்பது அவர் தொண்டு. ஆண்டை என்று ஒருவர் கதையிலேயே கிடையாது. குலத்தை நினைத்துத் தாமே தயங்கி, 'நாளை' என்று தள்ளிப்போடுகிறார்.

வேதியரையும் பண்ணையையும் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 1860-களின் தொடக்கத்தில் அச்சேறிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில். நாற்பது வேலியையும் பயிரிட்டு முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். நம் மரக்கலப்பையோ மண்ணைப் புரட்டாது, கீறத்தான் செய்யும். சாலுக்கும் சாலுக்கும் நடுவே உழாத மண் நிற்கும்; குறுக்கே மறுபடி உழவேண்டும். ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் ஓர் ஏக்கரைத் தாண்டுவதே அபூர்வம். முதல் உழவுக்கே எட்டு மாதம் போய்விடும்! 'போகாதே' என்பதை வேதியர் எவ்வளவு நாசூக்காகச் சொல்லியிருக்கிறார், பாருங்கள். அதனால்தான் பாரதியாருக்குச் சிவபூதங்களையே வயலில் இறக்கவேண்டி வந்தது.

மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. வாஸ்தவம்தான். ஆனால் பாரதியார் தஞ்சைச் சீமைக்காரர். பண்ணையாளைத் தினமும் கண்ணால் கண்டவர். அடிமை மேல் உரிமை கொண்டாடிக் கோர்ட்டுக்கு வரக்கூடாது என்று 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. வரப்பில் அதை யார் வாசித்தார்கள்? அப்பன் வாங்கிய கடன் மகனை அதே ஏரில் கட்டிப்போட்டது. மேழியைக் கொடியில் எழுதிப் பெருமைப்பட்டவர்கள் நிலத்துக்காரர்கள். அதைக் கையில் பிடித்துக் காய்ப்பு ஏறியவன் வேறு ஆள். சித்திரையில் பொன்னேர் பூட்டும்போது மஞ்சள் குங்குமம் ஏருக்கு உண்டு, அவனுக்கு என்ன உண்டு? பாரதியார் அவனுக்கு நந்தனார் என்று பெயர் வைத்துவிட்டார்.

1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார், பண்ணையாட்களின் பிள்ளைகள் படிக்க. அதற்கும் நந்தனார் பெயர்தான்.