தமிழகக் கடலிற் பொருத பிரெஞ்சுப் போர்க்கப்பல்களை இனங்காணல்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் போர்க்கப்பல்களை அறிதற்கு ஓவியம், கட்டுமான வரைபடம், மர மாதிரி என்னும் மூவகைச் சான்றுகள் எஞ்சியுள்ளன. எனினும், காணப்படும் கலம் இன்னதெனத் துணியப்படாதவரை இவை வரலாற்றுக்குப் பயன்படா. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடம் காணும் முறையே இங்கும் வேண்டப்படுவது. 1782, 1783 ஆம் ஆண்டுகளில் சுஃப்ரேன் நடத்திய படையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பெயரை மட்டும் நம்புதல் தகாது. அப்படையில் அன்னிபால் என்னும் பெயருடைய கலங்கள் இரண்டு இருந்தன. ஒன்று பிரெஞ்சு நாட்டிற் கட்டப்பெற்ற 74 பீரங்கிக் கப்பல். மற்றொன்று 1782 சனவரியில் ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றப்பெற்ற 50 பீரங்கிக் கப்பல். பின்னதைச் 'சிறிய அன்னிபால்' என வழங்கினர். முன்னது 1786-இல் அஷீல் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1746-இல் சென்னையைக் கைப்பற்றிய லபூர்தொன்னேயின் தலைமைக் கப்பலும் அஷீல் என்னும் பெயரினதே. ஆயின் அது வேறு கலம்.

ஆதலின் உறுப்புகளை எண்ணுதல் முதற்கடன். 74 பீரங்கிக் கப்பலின் கீழ்த்தளத்தில் ஒரு பக்கத்துக்கு 14, மேல்தளத்தில் 15 பீரங்கி வாயில்கள் அமைவது பெருவழக்கு. 64 பீரங்கிக் கப்பலில் அவை முறையே 13, 14 ஆகும். பாரிசுக் கடற்படை அருங்காட்சியகத்தில் ஆர்த்தேசியன் கப்பலின் மாதிரி உள்ளது. அப்பெயரினதாகிய, 1765-இல் பிரெஸ்டிற் கட்டப்பெற்ற 64 பீரங்கிக் கப்பல் சுஃப்ரேனுடன் நம் கடலுக்கு வந்ததாகலின், அம்மாதிரி நமக்கும் உரிய சான்றாம்.

வரைபடங்களில் அளவையும் நோக்கல் வேண்டும். பிரெஞ்சு அடி 32.48 செ.மீ.; ஆங்கில அடி 30.48 செ.மீ. பிடிபட்ட பிரெஞ்சுக் கலங்களை ஆங்கிலேயர் தம் அடியால் அளந்து வரைந்தனர். 168 அடி என்னும் ஒரே எண், அடி வேறுபடின் மூன்று மீட்டருக்கு மேற்பட்ட வேறுபாட்டைத் தரும். இதனை உணராதார் ஒரே கலத்தை இரண்டெனக் கொள்வர்.

ஓவியங்களுக்குக் காலமே உரைகல். ஒரியான் 1782 செப்டம்பரில் திருகோணமலை அருகிலும், பிசார் அடுத்த மாதம் கடலூர் அருகிலும் தரைதட்டி அழிந்தன. எனவே 1783 சூன் 20-இல் நிகழ்ந்த கடலூர்ப் போர் ஓவியத்தில் இவை இடம்பெறல் இயலாது. 1782 ஆகஸ்டில் வந்து சேர்ந்த இல்லூஸ்திர், அவ்வாண்டு சூலை 6-இல் நடந்த நாகப்பட்டினப் போரில் இருந்திருக்க முடியாது. கடலூர்ப் போரில் சுஃப்ரேன், அரசாணைப்படி, தம் வழக்கமான எரோவை விடுத்துக் கிளியோபாத்ர் என்னும் சிறுகலத்திலிருந்து ஆணையிட்டார். எரோவில் அவரைக் காட்டும் ஓவியம் வழக்கைப் பின்பற்றியதேயன்றி நிகழ்ச்சியைப் பின்பற்றியதன்று. கொடி மூவண்ணமாயின் அது பிற்காலக் கைவண்ணமே. அக்காலப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் வெண்கொடியே பறக்கவிட்டது. வெர்சாய் அரண்மனையிலுள்ள கடலூர்ப் போர் ஓவியத்தை ழுகலே 1836-இல், அஃதாவது போர் முடிந்து 53 ஆண்டுகள் கழித்து வரைந்தார். அதனைக் கண்கண்டார் கூற்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இவ்வாராய்ச்சி கடற்கரையோடு நிற்பதன்று. 1755-இல் திண்டுக்கல்லின் பௌஜுதாராக வந்த ஐதர் அலி, பிரெஞ்சுக்காரர் துணைகொண்டு அங்குப் படைக்கலச்சாலை அமைத்தார். நிலக்கோட்டைப் பாளையம் அத்திண்டுக்கல் சீமையைச் சார்ந்தது. அதே ஐதரே 1782 சூலையில் கடலூரில் சுஃப்ரேனைச் சந்தித்தார். கடலில் எக்கலம் நின்றது, எது வீழ்ந்தது என்பது உள்நாட்டு அரசியலையும் தொட்டது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரையும், இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரையும் உள்ள காலத்தைத் தழுவுவன. பிரெஞ்சு ஒலிகள் தமிழெழுத்தில் உருமாறும் இயல்பை அறிந்து அவற்றிலுள்ள கப்பற் பெயர்களைப் படித்தல் தமிழாய்வாளர்க்கே எளிது. ஓவியத்தை வரைபடத்தோடும், வரைபடத்தை நாளோடும், நாளைத் தமிழ்க் குறிப்போடும் ஒப்பிடுக. மூன்றும் ஒத்தவிடத்தே பெயர் சூட்டுக. ஒவ்வாதவிடத்து 'பெயர் அறியாக் கலம்' எனக் குறித்தலே ஆராய்ச்சி நேர்மையாகும் என்பது நம் துணிபு.