ஒளிப்படக் கல்வியும் பெயர் நிலைபேறும்

தமிழர்க்கு ஒளிப்படக் கலை கற்பிக்கப்பட்ட வரலாற்றை ஆராய்வோர் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியை முதற்கண் நோக்குதல் வேண்டும். அலெக்சாந்தர் ஹன்டர் என்னும் மருத்துவர் 1850இல் நிறுவிய அப்பள்ளியில், அப்பத்தாண்டிலேயே ஒளிப்படமும் பாடமாயிற்று. அங்குப் பயின்ற ஐயாசாமி என்பார், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான லினேயஸ் டிரைப்புக்கு உதவியாளராக அமர்ந்தார். பள்ளியிற் பெற்ற கல்வி பணிக்களத்தில் இரண்டாம் ஆசானிடம் தொடர்ந்தது எனலாம். டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றாய் இணைத்தார். மெழுகூட்டிய தாளில் எதிர்ப்படம் எடுத்துப் படியச்சிடும் அவ்வேலை பல கைகளின் உழைப்பை வேண்டி நின்றது. பின்னர் அரசு செலவு கருதி அத்துறையை மூடிவிட்டது. ஆயினும் மாணவரின் பெயர் நிலைபெற்றது.

இலங்கையின் நிலை வேறு. 1875இல் இங்குக் குடியேறிய ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் டிக்கோயாவில் மறைந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். அவரது களுத்துறைப் படமொன்றில், சிறுமிக்கு வயது 12 என்றும், முதியவர் தமக்கு வயது 100 எனக் கூறினார் என்றும் குறிப்புண்டு, பெயர்களோ இல்லை. அக்கால அஞ்சலட்டைகளிற் காணப்படும் மலையகத் தோட்டத் தொழிலாளரும் பெரும்பாலும் பெயரிலிகளே.

காரணம் வெளிப்படை. கருவி கைவரப் பெற்றோர் பெயர் பெற்றனர். கருவிமுன் நின்றோர் அதனை இழந்தனர். ஆதலின் உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டச் சிறார்க்கு ஆசிரியர் இருவர் கூடி, ஒருவர் கருவியின் இயல்பையும் மற்றவர் படத்திலுள்ளார் பெயரும் ஊரும் குறிக்கும் முறையையும் கற்பிப்பாராயின், அது பொழுதுபோக்கன்று, வரலாற்றுப் பணியேயாகும்.