ஃபைப்ரோமயால்ஜியா இருப்பவர்களுக்கு மசாஜ்: தெரபிஸ்ட்டுகள் கத்துக்க வேண்டியது என்ன?

'நல்லா அழுத்திப் பிடிச்சாதான் வலி போகும்' என்பது பலரின் எண்ணம். ஃபைப்ரோமயால்ஜியா இருப்பவர்களுக்கு அதுவே வலியைக் கூட்டிவிடலாம்.

இது என்ன நோய்?
உடல் முழுக்க 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, தீராத அசதி, தூங்கி எழுந்தாலும் களைப்பு. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே பெரும்பாலும் நார்மல்தான். அதனால் 'சும்மா சொல்றாங்க' என்ற பேச்சும் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் வலி நிஜம். நரம்பு மண்டலம் வலியைப் பெரிதாக்கி உணர்வதால், லேசாகத் தொட்டாலே சிலருக்கு வலிக்கும்.

பயிற்சியில் முக்கியமானவை
* தொடும் முன் கேளுங்கள்: இன்று வலி எங்கே, 0 முதல் 10-க்குள் எவ்வளவு, தூக்கம் எப்படி, என்ன மருந்து?
* மென்மையான அழுத்தம், குறைந்த நேரம் என்று தொடங்குங்கள். 'போதும்' என்றால் உடனே நிறுத்துங்கள்.
* 1990-ல் வந்த அமெரிக்க விதிமுறைப்படி, 18 இடங்களில் 11-ல் அழுத்தும்போது வலிக்க வேண்டும். 2010-ல் அது கைவிடப்பட்டது. அது நோயறியும் சோதனை. அந்த இடங்களைத் தேடி அழுத்துவது சிகிச்சை அல்ல.
* மறுநாள் விசாரியுங்கள். வலி தாமதமாகவும் கூடலாம்.

மசாஜ் குணப்படுத்துமா?
இல்லை. சிலருக்கு தற்காலிக ஆறுதல் தரலாம், அவ்வளவுதான். படிப்படியான உடற்பயிற்சியும் டாக்டரின் சிகிச்சையும் தொடர வேண்டும். காய்ச்சல், மூட்டு வீக்கம், புதிதாக மரத்துப்போதல் இருந்தால், மசாஜ் வேண்டாம். முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள்.