கிளையை வெட்டாமல் வளைவைக் கழற்றினோம்

மலையில் ஒரு தோட்டத்தில் நான் மேற்பார்வையாளராக இருந்தபோது, சரிவில் புல் வெட்ட டிராக்டர் வாங்கினார்கள். இருக்கைக்குப் பின்னால் இருந்த இரும்பு வளைவு மரக்கிளையில் இடிக்கிறது என்று கழற்றச் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒரு நாள் காலை ஈரப் புல்லில் வண்டி சறுக்கிச் சாய்ந்து, மரத்தில் முட்டி நின்றது. டிரைவர் தப்பினார். மரம் இல்லாதிருந்தால்?

அந்த வளைவின் கதையைப் பிறகுதான் படித்தேன். 1830-இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது சமதளப் புல்வெளிக்கானது. டிராக்டர் சரிவில் ஏறிய பிறகுதான் ஆபத்து கூடியது. கவிழும்போது குதித்துத் தப்ப நேரம் கிடைக்காது. சுவீடன் 1959-இல் புது டிராக்டர்களுக்கு இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. நாளடைவில் அங்கே கவிழ்ந்து இறப்பது வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவில் கூலிக்கு ஓட்டுபவர்களின் புது டிராக்டர்களுக்கு 1976-இல் விதி வந்தது. சீட் பெல்ட்டும் சேர்த்து. பெல்ட் போடாவிட்டால் ஆள் வெளியே விழுந்து வளைவுக்கு அடியிலேயே நசுங்கக்கூடும்.

உட்கார்ந்து ஓட்டும் வண்டியைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். குறுக்கே போனால் கவிழும். கையால் தள்ளும் இயந்திரத்தைக் குறுக்காகத்தான் தள்ள வேண்டும். இல்லையேல் கால் வழுக்கிக் கத்தியில் மாட்டும். 15 பாகைக்கு மேல் சரிந்தால் வண்டியே வேண்டாம், அரிவாள் போதும்.

அன்று கிளையைத்தான் வெட்டியிருக்க வேண்டும்.