எரிமலைத் தீவின் குடில்கள் – 6: ஆளோடு போகும் வீடு

1937-இல் ராங்கிடோடோ தீவுக் குடும்பங்களைத் தேடி வந்த செய்தி என்ன என்ற கேள்வியோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். செய்தி இதுதான்: நீங்கள் கட்டியிருக்கும் வீடு சட்டப்படி செல்லாது.

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறீர்கள் என்றால், முன்கதை இது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்திலிருந்து படகேறினால் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் ராங்கிடோடோவுக்கு. சுமார் 260 மீட்டர் உயரம் கொண்ட எரிமலை அது. கடைசியாகக் குமுறிச் சுமார் அறுநூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. மாவோரி மக்களிடமிருந்து 1854-இல் ஆங்கிலேய அரசு இந்தத் தீவை வாங்கியது. கொடுத்த விலை 15 பவுண்டு. 1890-இல் பொதுமக்கள் பொழுதுபோக்குவதற்கான நிலமாகத் தீவை ஒதுக்கினார்கள். வருகிறவர்களுக்கு வசதி செய்து தரப் பணம் வேண்டுமே என்று, 1911 முதல் தீவை நிர்வகித்த வாரியம் கூடாரம் போட்டுக்கொள்ள இடங்களைக் குத்தகைக்கு விட்டது. கூடாரம் போட்டவர்கள் அடுத்த ஆண்டு நான்கு பலகை கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு தகரம் வந்தது. இப்படியே 1930களில் மூன்று கரைகளில் சுமார் 140 விடுமுறைக் குடில்கள் எழுந்துவிட்டன. 'பேட்ச்' என்பது அந்த ஊரில் இவற்றுக்கு வழங்கும் பெயர்.

கட்டியவர்கள் பணக்காரர்கள் இல்லை. நகரத்தில் வேலை பார்த்து, வாரக் கடைசியில் குழந்தை குட்டிகளோடு கடல் காற்று வாங்க வந்த சாதாரணக் குடும்பங்கள். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த நேரம். கார் இறக்குமதியான மரப்பெட்டிகளைப் பிரித்துப் பலகை எடுத்தார்கள். தீவின் வடகரையில் பழைய கப்பல்களைக் கொண்டுவந்து கைவிடுவது வழக்கம் என்று மூன்றாவது பகுதியில் பார்த்தோம். அந்தக் கப்பல் மரங்களும் குடில்களுக்குள் வந்து சேர்ந்தன. மண்ணே இல்லாத தீவு என்பதால் அஸ்திவாரம் தோண்ட வழியில்லை. எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மேலேயே கட்டை நிறுத்தி, மட்டம் பார்த்து, அதன்மேல் வீட்டை உட்கார வைத்தார்கள். ஓடை கிடையாது. தகரக் கூரையில் விழும் மழை தொட்டிக்குப் போகும். குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய பிறகு, கால் நூற்றாண்டுக் காலம் வாடகையும் வாங்கிக்கொண்ட பிறகு, பொது நிலத்தில் தனியாருக்கு வீடு கட்ட இடம் கொடுக்க வாரியத்துக்கு அதிகாரமே கிடையாது என்றார்கள். தவறு வாரியத்துடையது. தண்டனை மட்டும் குடியிருந்தவர்களுக்கு. இது நியாயமில்லை என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகம் இல்லை.

அரசு உடனே இடிக்கவில்லை. இனிப் புதிதாக ஒரு குடில்கூடக் கட்டக் கூடாது என்றது. இருப்பவர்களுக்கு இருபது ஆண்டு அவகாசம் தந்தது. நடுவில் இரண்டாம் உலகப்போர் வந்தது. மலை உச்சியில் ராணுவக் கண்காணிப்பு நிலையம் எழுந்தது. பக்கத்துத் தீவான மோட்டுடாப்புவுக்குப் பாலம் போட்டார்கள். போர் முடிந்தும் குடில்கள் அப்படியே நின்றன. 1957 நெருங்கியது. அவகாசம் முடிகிறது. மறுபடி மனு, மறுபடி பேச்சு. இந்த முறை கிடைத்த தீர்வுதான் இந்தத் தொடரிலேயே என்னை மிகவும் வருத்தியது.

குத்தகைதாரர் உயிரோடு இருக்கும்வரை, அல்லது 33 ஆண்டுகள், அதாவது 1990 வரை குடிலை வைத்துக்கொள்ளலாம். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான். விற்கக் கூடாது. பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் கூடாது. குத்தகைதாரர் கண்ணை மூடினால் வீடும் போக வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் குடிலில் தவழ்ந்து, அந்தக் கரையில் நீந்தப் பழகி, அந்தப் பாறையில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அப்பா இறந்த துக்கம் ஆறுவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரும். 1970களிலும் 80களிலும் ஒவ்வொன்றாக இடித்தார்கள். இன்று அந்தக் கரையோரம் நடந்தால், காட்டுக்குள் திடீரென்று ஒரு கல் படிக்கட்டு தென்படும். ஏறினால் மேலே வீடு இருக்காது. புகைபோக்கியின் அடிப்பகுதி, உடைந்த தொட்டி, எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய சிறு மதில், இவ்வளவுதான் மிச்சம். 140-இல் நூற்றுக்கு மேல் இப்படிப் போயின.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். ராங்கிடோடோவில் வளர்ந்திருப்பது உலகின் மிகப்பெரிய போஹுடுகாவா காடு. வெறும் பாறை வெடிப்பில் வேர்விட்டு, தன் அடியில் இலைச்சருகைச் சேர்த்து, அந்தச் சருகில் மற்ற செடிகளுக்கு இடம் கொடுக்கும் மரம் அது. டிசம்பர் மாதம் வந்தால் கரை முழுக்கச் சிவப்பாகப் பூத்துக் கிடக்கும். குடில்வாசிகள் ஆசைக்கு வைத்த தோட்டச் செடிகளில் சில காட்டுக்குள் புகுந்து களையாகப் பரவின. தீவை இயற்கைக்கே விட்டுவிடுவோம், மனிதர் கட்டியது எதுவும் வேண்டாம் என்று சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மனிதர் அங்கே வாழ்ந்ததும் அந்தத் தீவின் வரலாறுதானே! மோட்டுடாப்புவின் எரிமலைச் சாம்பலில் பழைய மாவோரிக் குடும்பங்களின் காலடித் தடங்களைக் கண்டுபிடித்துப் போற்றுகிறோம். இன்னொரு காலத்துக் குடும்பங்களின் தடத்தை மட்டும் ஏன் அழிக்க வேண்டும்?

1990 வந்தது. முப்பத்துச் சொச்சம் குடில்களே மீதி. குத்தகை எல்லாம் முடிகிற ஆண்டு. விதிப்படி பார்த்தால் அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அந்த ஆண்டு இடிப்புக்குத் தடை வந்தது.

காரணம், பார்வை மாறியிருந்தது. நியூசிலாந்தின் மற்ற கடற்கரைகளில் பழைய பேட்ச்களை இடித்துவிட்டுப் பெரிய பங்களாக்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கட்டவும் கூடாது, விற்கவும் கூடாது என்று பூட்டி வைத்ததாலேயே ராங்கிடோடோவில் 1920, 30களின் குடில்கள் பெரிதாக மாறாமல் அப்படியே நின்றன. அழிக்க வந்த சட்டம், தானறியாமல் காவல் காத்திருக்கிறது. இந்த மாதிரி ஒரு குடியிருப்பு வேறெங்கே மிச்சமிருக்கிறது என்று வரலாற்று ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். குடியிருப்புகள் மூன்றும் வரலாற்றுப் பகுதிகளாகப் பதிவாயின.

ஆனால் தடை உத்தரவு கூரையின் ஓட்டையை அடைக்காது. உரிமையாளர்கள் இல்லாத குடில்களில் உப்புக் காற்று தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இந்த நிலையில்தான் 1997-இல் ராங்கிடோடோ தீவு வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை உருவானது. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். இயற்கைப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து, குடில்களைப் பழுதுபார்த்து, அங்கே வாழ்ந்தவர்களின் கதையைச் சேகரித்துச் சொல்வதை வேலையாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

தீவில் கடை கிடையாது. ஓர் ஆணி குறைந்தாலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். பலகை, தகரம், பெயின்ட், ஏணி, குடிதண்ணீர் எல்லாம் படகில் ஏற்றி, இறக்கி, கூர்கூரான பாறைப் பாதையில் தூக்கிச் செல்ல வேண்டும். கறுப்புப் பாறை வெயிலை உறிஞ்சிக்கொண்டு கோடைக் காலத்தில் அடுப்பாகக் கொதிக்கும். அதற்கு நடுவில்தான் கூரை வேலை.

பழைய சுவரில் கை வைப்பதற்கே கவனம் வேண்டும். பல குடில்களின் சுவர் ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அறுத்தாலோ துளை போட்டாலோ அதன் தூசு நுரையீரலுக்குள் போய்விடும். நல்ல தகட்டை அசைக்காமல் பெயின்ட் பூசி மூட வேண்டும்; உடைந்ததை நனைத்து, முகமூடி அணிந்து, பத்திரமாகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஆணிகள் துருவேறி வீங்கிப் பலகையைப் பிளந்திருக்கும். முழுப் பலகையையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக அடிப்பது எளிது. ஆனால் அப்படிச் செய்தால் வீடு புதுசாகிவிடும், கதை போய்விடும். அதனால் அழுகிய முனையை மட்டும் வெட்டி எடுத்து, அதே கனத்தில் அதே வகை மரத்தை ஒட்டுப் போடுவதுதான் முறை. பெட்டிப் பலகையில் அடித்த சுவர் என்றால் அது பெட்டிப் பலகையாகவே தெரிய வேண்டும். கோணலாக வைத்த ஜன்னல் கோணலாகவே இருக்க வேண்டும். அதை நேராக்குகிற தச்சர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் 38-ஆம் எண் குடில் இப்படிச் சீராகி இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. மின்சாரம் எட்டாத தீவில் ஒரு குடும்பம் விடுமுறையை எப்படிக் கழித்தது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம். கொஞ்சத் தூரத்தில், ஒரு காலத்தில் இங்கே வேலைக்குக் கொண்டுவந்த கைதிகள் கல்லடுக்கிக் கட்டிய நீச்சல் குளம். கடல் நீரே அதில் நிரம்பும். பழுதுபார்த்த சில குடில்களில் இரவு தங்கவும் வாடகைக்கு இடம் தருகிறார்கள். அந்த வருமானம் திரும்பவும் பராமரிப்புக்கே போகிறது. பொது நிலத்தைச் சிலர் மட்டும் அனுபவிக்கலாமா என்பதுதான் 1937-இல் எழுந்த குற்றச்சாட்டு. இப்போது இந்தக் குடில்களில் எவர் வேண்டுமானாலும் தங்கலாம். அறுபது எழுபது ஆண்டு வழக்குக்கு இதைவிட நல்ல தீர்ப்பு எனக்குத் தோன்றவில்லை.

அரண்மனையையும் கோயிலையும் காப்பாற்ற அரசும் பணமும் வரும். பெட்டிப் பலகையில் ஓர் எழுத்தரோ தொழிலாளியோ ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்த சுவரைக் காப்பாற்ற யார் வருவார்? இவர்கள் வந்தார்கள். அந்தக் காரணத்துக்காகவே இந்தத் தொடரை எழுத விரும்பினேன்.

குடில்களுக்கு உயிர் வந்துகொண்டிருந்த நேரத்தில் தீவின் காட்டுக்கு வேறொரு பகை இருந்தது. எலி, சுண்டெலி, மரநாய் இனத்தைச் சேர்ந்த ஸ்டோட், பூனை, முயல், முள்ளெலி எல்லாம் மனிதர் வழியாக வந்து சேர்ந்தவை. பறவை முட்டை, குஞ்சு எதையும் இவை விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து முடிகிற காரியம் இல்லை என்று இயற்கைப் பாதுகாப்புத் துறை ஒரு முடிவுக்கு வந்தது. ராங்கிடோடோ, மோட்டுடாப்பு இரண்டு தீவுகள் முழுவதிலும், ஓர் இடம் விடாமல், வானத்திலிருந்து விஷ இரை தூவுவது.

2009-ஆம் ஆண்டுக் குளிர்காலம். இரை நிரப்பிய தொட்டிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஹெலிகாப்டர்கள் தீவை நோக்கிக் கிளம்பின. கீழே, கூரையில் விழுவதையெல்லாம் குடிநீர்த் தொட்டிக்கு அனுப்பும் முப்பத்துச் சொச்சம் தகரக் கூரைகள்.

(அடுத்த வாரம் தொடரும்)