இன்ஜின் மிஸ்ஸிங்
மோட்டார் சைக்கிள் இன்ஜின் சீராக ஓடாமல் விட்டுவிட்டு வெடிப்பது மிஸ்ஸிங். ஓசூர் டிவிஎஸ் ஆலையிலிருந்து 1980இல் வந்த டிவிஎஸ் 50 மொபெட்டும் 1984இல் வந்த இண்ட்-சுசுகியும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள்; பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் ஸ்பார்க் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி படியும்; அதனால் மிஸ்ஸிங் வரும்.

முதலில் கழற்ற வேண்டியது பிளக்தான். முனை ஈரக்கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது தீப்பொறி பலவீனம். வெளுத்திருந்தால் காற்று அதிகம்: கார்புரேட்டர் ஜெட் அடைப்பையும் இன்டேக் ரப்பர் விரிசலையும் பார்க்க வேண்டும். இளம்பழுப்பே நல்ல நிறம். பிளக்கைப் பார்க்காமல் கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகுவது பழுதை மறைக்கும் வேலை. ஐட்லிங்கில் மட்டும் தடுமாறினால் பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபின் புதிய வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். அவற்றில் பேட்டரி வோல்ட்டேஜ் குறைந்தாலும் ஓட்டம் தடுமாறும்.