கடலே இல்லாத ஊரில் ஒரு கடற்கரை விளையாட்டு



சென்ற கோடையில் அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். திரும்பியதிலிருந்து லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் "நயாகரா பார்த்தீர்களா சார்?" என்றுதான் கேட்கிறீர்கள். பார்க்கவில்லை. மாப்பிள்ளை என்னைக் காரில் முந்நூறு கிலோமீட்டர் அழைத்துப் போய்க் காட்டியது ஒரு கோல்ஃப் மைதானம். அதைச் சொன்னதும் உங்கள் முகத்தில் வருகிற சிரிப்பைப் பார்த்துத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

அந்தச் சிரிப்பில் தவறில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு கோல்ஃப் என்றால் சேர்மன்கள் ஆடும் ஆட்டம், அவ்வளவுதான். நம் நாட்டுக்கு அது வந்ததே வெள்ளைக்கார அதிகாரிகளின் பெட்டியோடுதான். 1829-இல் கல்கத்தாவில் தொடங்கிய கிளப், பிரிட்டனுக்கு வெளியே உலகிலேயே பழையது. பிறகு எங்கே போனாலும் அது மதில் சுவருக்குப் பின்னால் இருந்தது. நாம் பார்த்தது மதில் சுவரை மட்டுமே.

ஆனால் பிறந்த ஊரில் அது அப்படி இல்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே மணல்மேடும் புல்லுமாக ஒரு பட்டை நிலம் கிடக்கும். அதற்கு 'லிங்க்ஸ்' என்று பெயர். மேடு என்ற பொருளுள்ள பழைய சொல்லிலிருந்து வந்தது. உழ முடியாது, விதைத்தால் வராது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும், ஊர்ப் பெண்கள் துணி உலர்த்துவார்கள். நம் ஊர்ப் புறம்போக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் வேண்டாத அந்த நிலத்தில்தான் ஊரார் குச்சியால் பந்தை அடித்துக் குழியில் தள்ளி விளையாடினார்கள். ஆட்டின் வாயும் காற்றும் சேர்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருந்தன. இன்றைக்கு 'பங்கர்' என்று சொல்லும் மணற்குழிகள், ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த இடங்களிலிருந்து உண்டானவை என்று ஒரு வழக்கு உண்டு. 1457-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் கால்பந்தோடு சேர்த்து கோல்ஃபையும் தடை செய்தது. மக்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதிலேயே கிடக்கிறார்கள் என்பது காரணம். பணக்காரர்கள் மட்டும் ஆடியிருந்தால் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரின் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 1552-இல் அங்கே பேராயராக இருந்த ஜான் ஹாமில்டன், லிங்க்ஸ் நிலத்தில் முயல் வளர்த்துக்கொள்ள ஊராரிடம் அனுமதி வாங்கினார். அதே பத்திரத்தில், அந்த நிலத்தில் கோல்ஃப், கால்பந்து ஆடும் உரிமை ஊராருக்கு உண்டு என்பதையும் எழுதிக் கொடுத்தார். பத்திரம் பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. அனுபவ பாத்தியதையை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்களே!

அப்படியிருந்தும் இருநூற்றைம்பது வருடம் கழித்து நிலம் கைவிட்டுப் போயிற்று. 1797-இல் ஊர் நிர்வாகத்திடம் பணமில்லை. லிங்க்ஸை விட்டுக் காசு பார்த்தார்கள். அது முயல் பண்ணை வைக்கும் வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தது. முயல்கள் மைதானத்தையே தோண்டிப் போட்டன. வழக்கும் கைகலப்புமாக இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து நிலக்கிழார் அதை வாங்கி ஆட்டத்துக்கு விட்ட பிறகுதான் அமைதி. நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1894-இல் ஊர் அதைத் திரும்பப் பெற்றது. கைவிடுவதற்கு ஒரு கையெழுத்து போதும். திரும்ப வாங்க கிட்டத்தட்ட நூறு வருடம். இன்றும் அங்குள்ள பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் பிள்ளைகளோடும் நாயோடும் அதில் உலாவலாம்.

(நம் பி பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தை வெளியார் கார் நிறுத்த வாடகைக்கு விடலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் பேசப் போகிறோம். வாடகை வந்தால் பராமரிப்புக் கட்டணம் குறையும் என்பது கணக்குப்படி சரிதான். நான் எதிராக ஓட்டுப் போடப் போகிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாலையில் அங்கே பந்து அடிக்கும் பிள்ளைகளில் என் பேரன் இல்லை. அவன் லிங்கனில் இருக்கிறான்.)

ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாத சாமான் ஒன்று இருந்தது: பந்து. வாத்து இறகைத் தோலுக்குள் திணித்துத் தைப்பார்கள். கைதேர்ந்தவராலும் ஒரு நாளில் சில பந்துகள்தான் செய்ய முடியும். 1848 வாக்கில் மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் பந்து வந்தது, விலை சரிந்தது, ஆட்டம் பரவியது. பரவிய ஆட்டம் அமெரிக்காவுக்குப் போனதும் மறுபடி கிளப்புக்குள் நுழைந்துகொண்டது. 1888-இல் நியூயார்க் அருகே யாங்கர்ஸில் தொடங்கிய கிளப்புக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றே பெயர் வைத்தார்கள். பெயர் போயிற்று, புறம்போக்கு போகவில்லை.

இனி நெப்ராஸ்கா. அமெரிக்காவில் எந்தத் திசையில் போனாலும் குறைந்தது மூன்று மாநிலங்களைக் கடந்தால்தான் கடலைப் பார்க்க முடியும் என்ற நிலையிலுள்ள ஒரே மாநிலம் அதுதான். அங்கே ஏறக்குறைய ஐம்பதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மணல்மேடுகள் இருக்கின்றன. காற்று கொண்டுவந்து குவித்த மணல், மேலே புல் போர்த்திப் பிடித்து வைத்திருக்கிறது. 'சாண்ட்ஹில்ஸ்' என்கிறார்கள். குடியேறுகிறவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த 160 ஏக்கர் இந்த மண்ணில் பிழைக்கப் போதவில்லை என்று 1904-இல் தனிச் சட்டம் போட்டு 640 ஏக்கராக உயர்த்தினார்கள். அப்படியும் பலர் தாக்குப்பிடிக்கவில்லை. உழுதால் மணல் பறக்கும். கடைசியில் மாடு மேய்ப்பவர்களிடமே நிலம் நின்றது. ஸ்காட்லாந்துக் கதையேதான், கடல் மட்டும் இல்லை.

1995-இல் பில் கூர், பென் கிரென்ஷா என்ற இருவர் முல்லன் என்ற சிற்றூர் அருகே அந்த மேடுகளில் ஒரு மைதானம் அமைத்தார்கள். நிலத்தில் இயற்கையாகவே நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டப் பாதைகள் தெரிந்தனவாம். அவர்கள் வேலை பதினெட்டைத் தேர்ந்தெடுப்பதுதான். உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது தனியார் கிளப். நீங்களும் நானும் வாசலோடு சரி.

அங்கே வேலை பார்த்த டேவ் ஆக்ஸ்லண்ட், டான் ப்ராக்டர் இருவரும் அடுத்து வடிவமைத்ததுதான் நாங்கள் போன 'வைல்ட் ஹார்ஸ்' மைதானம். காதன்பர்க் என்ற ஊரில், மணல்மேடுகளின் தெற்கு ஓரத்தில், 1999 முதல் முழு பதினெட்டுக் குழிகளோடு இருக்கிறது. ஊரின் மக்கள்தொகை மூவாயிரத்து ஐந்நூறு அளவில்தான். குதிரையில் தபால் கொண்டுபோன 1860-61 காலத்து நிலையம் ஒன்றைப் பூங்காவில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் முன்னின்று உண்டாக்கிய மைதானம் அது. யார் வேண்டுமானாலும் பணம் கட்டி ஆடலாம். எங்கள் இருவருக்கும் மைதானக் கட்டணம், எனக்கு வாடகை மட்டை, பெட்ரோல், வழியில் சாப்பாடு எல்லாம் சேர்த்தும் குடும்பத்தோடு ஒரு நாள் தீம் பார்க் போகிற செலவு ஆகவில்லை.

எப்படிக் கட்டுப்படியாகிறது என்று மாப்பிள்ளையைக் குடைந்தேன். "மண்ணுதான் மாமா காரணம்" என்றார். களிமண்ணில் மைதானம் போட்டால் மேடு பள்ளத்தை இயந்திரம் வைத்து உண்டாக்க வேண்டும், மழைநீர் வடியக் குழாய் பதிக்க வேண்டும். இங்கே மேடு ஏற்கெனவே இருக்கிறது, தண்ணீர் தானாக இறங்கிவிடுகிறது. ஃபெஸ்க்யூ போன்ற மெல்லிய புல்லுக்கு உரமும் நீரும் கொஞ்சம் போதும். பங்கர்கள்கூட காற்று குடைந்த பள்ளங்களைப் போலவே ஓரம் கிழிந்து கிடக்கின்றன. விவசாயத்துக்கு நஷ்டக் கணக்கான அதே மணல், இந்த ஆட்டத்துக்கு முதலீடு.

என் ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மைல் தள்ளி மரம் ஒன்று. நடுவில் காற்றைத் தடுக்க எதுவுமில்லை. தொப்பி இரண்டு முறை பறந்தது. பந்தை உயரத் தூக்கி அடிக்க எனக்கு வரவில்லை. ஓரத்தில் முழங்கால் உயரப் புல்லில் நான்கு பந்துகளைத் தொலைத்தேன். ஆறாவது குழியில் மாப்பிள்ளை, குழி அருகே பந்தை உருட்டப் பயன்படும் பட்டர் மட்டையைக் கையில் கொடுத்து, "இங்கேருந்தே உருட்டிப் பாருங்க மாமா" என்றார். குழிக்கு நாற்பது கஜம் இருக்கும். தரை கெட்டியாக, புல் கட்டையாக இருப்பதால் இந்த வகை மைதானத்தில் அது செல்லும். ஸ்காட்லாந்தின் ஆதி ஆட்டமும் அப்படித்தான், காற்றுக்குக் கீழே தரையோடு. பந்து ஒரு மேட்டில் ஏறி, நின்றுவிடுமோ என்று தயங்கி, இடதுபக்கம் சரிந்து இறங்கி, குழிக்கு இரண்டடியில் போய் நின்றது. அறுபத்தாறு வயதில் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர், டிராக்டர் கம்பெனித் தொப்பியோடு, பத்து வயதுப் பேரனுடன் வந்துகொண்டிருந்தார். நான் தாமதம் செய்வதால் அவர்களை முன்னே போகச் சொன்னோம். பையன் அடித்த பந்து நேராகப் போனது. பெரியவர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டு, தன்னுடையதைப் புல்லில் தொலைத்தார். நானும் சேர்ந்து தேடினேன். இரவு ஒன்பது மணிக்கும் அங்கே வெளிச்சம் இருந்தது. பந்து கிடைக்கவில்லை, என் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.